44 பெரிதா, 34 பெரிதா? சிக்ஸ்த் ஃபோம் பெறுபேற்று அட்டவணையை வாசிப்பது பற்றி

கேள்வி: நாங்கள் வடமேற்கு இலண்டனில் வசிக்கிறோம். என் மகள் இவ்வாண்டு ஜிசிஎஸ்இ (பதினாறு வயதில் எழுதும் பொதுப் பரீட்சை) எழுதுகிறாள். தாதியியல் அல்லது பிசியோதெரப்பி படிக்க வேண்டும் என்பது அவளது விருப்பம். உயிரியலையும் உளவியலையும் ஏ லெவலாகவும் (பதினெட்டு வயதில் எழுதும் உயர்தரப் பரீட்சை), சுகாதாரமும் சமூகப் பராமரிப்பும் என்ற பாடத்தை பீடெக் என்ற தொழில்சார் தகைமையாகவும் எடுத்து அருகிலுள்ள கல்லூரியில் படிக்க நினைக்கிறாள். சிக்ஸ்த் ஃபோம் எனப்படும் 16 முதல் 18 வயது வரையிலான படிப்புக்கான அரசின் பெறுபேற்று அட்டவணையைப் பார்த்தோம். எங்கள் பகுதியிலுள்ள பாடசாலையின் ஏ லெவல் சராசரிப் புள்ளி 44. அந்தக் கல்லூரிக்கோ ஏ லெவலில் 33, பீடெக் பகுதியில் 34. "34 என்றால் வெறும் சி தரம், பிள்ளையை அங்கே விட வேண்டாம்" என்கிறார்கள் உறவினர்கள். பல்கலைக்கழக விண்ணப்பங்களைக் கையாளும் யுகாஸ் அமைப்பின் அட்டவணையில், பீடெக்கின் மிக உயர்ந்த தரமான டிஸ்டிங்ஷன் ஸ்டார் என்பது ஏ ஸ்டாருக்குச் சமம் என்று இருக்கிறது. அரசின் கணக்கிலோ அதற்குக் குறைவாக இருக்கிறது. எதை நம்புவது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு வணக்கம்.

தாங்கள் பார்த்த இரண்டு அட்டவணைகளும் சரியானவையே. ஒன்று பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிக்கும் மாணவருக்காகவும், மற்றது பாடசாலைகளையும் கல்லூரிகளையும் கணக்குக் கேட்பதற்காகவும் செய்யப்பட்டவை என்பதால், ஒரே தகைமைக்கு அவை வெவ்வேறு எண்களைக் கொடுக்கின்றன. பாடசாலையின் 44ஐயும் கல்லூரியின் பீடெக் 34ஐயும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடவே கூடாது. உறவினர்கள் அக்கறையோடு சொல்லியிருப்பார்கள். ஆனால் அவர்கள் ஒப்பிட்ட முறை தவறானது. அந்தத் தவறின் விலையைக் கொடுக்கப்போவது தங்கள் மகள் என்பதால் இதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் யுகாஸ் கணக்கை எடுத்துக்கொள்வோம். 2017இல் பல்கலைக்கழகம் புகுந்தவர்களிலிருந்து நடைமுறையில் உள்ள இந்த முறையில், ஒவ்வொரு தகைமைக்கும் அதன் அளவுக்கு ஓர் எண்ணும் பெற்ற தரத்துக்கு ஓர் எண்ணும் உண்டு. இரண்டையும் பெருக்கினால் வருவதே புள்ளி. முழு ஏ லெவலின் அளவு 4. ஏ ஸ்டார் தரத்தின் எண் 14 ஆகையால் அதற்கு 56 புள்ளி. ஏ தரத்துக்கு 48, பி தரத்துக்கு 40, சி தரத்துக்கு 32 என்று எட்டெட்டாக இறங்கி, ஈ தரத்துக்கு 16 ஆகிறது. ஒரு ஏ லெவலின் அளவுள்ள பீடெக் தகைமைக்கும் அளவு எண் 4தான். (இங்கிலாந்தின் இந்தத் தொழில்சார் தகைமைக்கும் இந்தியாவின் பொறியியல் பட்டமான பி.டெக்குக்கும் எந்தத் தொடர்பும் இல்லை என்பதை ஊரிலுள்ள உறவினர்களுக்குச் சொல்ல நேரலாம்.) அதில் டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 56, டிஸ்டிங்ஷனுக்கு 48, மெரிட்டுக்கு 32, பாஸுக்கு 16 புள்ளி. ஆகவே விண்ணப்பப் படிவத்தில் டிஸ்டிங்ஷன் ஏ தரத்தோடும், மெரிட் சி தரத்தோடும் சரிசமமாக நிற்கிறது.

தாங்கள் பார்த்த அரசின் அட்டவணை, அதாவது கல்வித் திணைக்களத்தின் அட்டவணை, வேறு அளவுகோலைப் பயன்படுத்துகிறது. 2016ஆம் ஆண்டின் பெறுபேறுகளிலிருந்து ஏ லெவல் ஏ ஸ்டாருக்கு 60 புள்ளி, ஏ தரத்துக்கு 50, பி 40, சி 30, டி 20, ஈ 10. ஒரு ஏ லெவல் அளவுள்ள பீடெக் தகைமையில் டிஸ்டிங்ஷன் ஸ்டாருக்கு 50, டிஸ்டிங்ஷனுக்கு 35, மெரிட்டுக்கு 25, பாஸுக்கு 15. மூன்று ஏ லெவல் அளவுள்ள பெரிய பீடெக் டிப்ளோமா என்றால் அதன் மொத்தப் புள்ளியை மூன்றால் வகுத்தே சராசரியில் சேர்ப்பார்கள். எனவே பெரிய தகைமை எடுப்பதால் மட்டும் எண் ஏறாது, இறங்காது. யுகாஸில் ஏ தரத்துக்கு நிகராக நின்ற டிஸ்டிங்ஷன், இங்கே பி தரத்துக்கும் சி தரத்துக்கும் நடுவே வந்து நிற்பதைக் கவனியுங்கள். கல்லூரியின் 34ஐ இதை வைத்து வாசித்தால், அங்கே பீடெக் படித்தவர்கள் சராசரியாக ஏறத்தாழ டிஸ்டிங்ஷன் பெற்றிருக்கிறார்கள் என்று பொருள். உறவினர்கள் சொன்ன "வெறும் சி" என்பது, பீடெக் எண்ணை ஏ லெவல் அளவுகோலில் வைத்துப் பார்த்ததால் வந்த முடிவு.

இந்தக் குழப்பத்தைத் தவிர்ப்பதற்காகவே அரசின் அட்டவணை மாணவர்களைத் தனித்தனித் தொகுதிகளாகப் பிரித்துக் காட்டுகிறது. ஏ லெவல் ஒரு தொகுதி. ஏ லெவலோடு அதையொத்த ஏனைய கல்விசார் தகைமைகளும் சேர்ந்தது இன்னொன்று. பெரும்பாலான பீடெக் தகைமைகள் அடங்கும் பொதுச் செயல்முறைத் தகைமைகள் வேறொன்று. குறித்த ஒரு தொழிலுக்கு ஆயத்தப்படுத்தும் தகைமைகள் மற்றொன்று. தங்கள் மகள் எண்ணியிருப்பதுபோல் இரண்டு ஏ லெவலும் ஒரு பீடெக்கும் எடுப்பவர் இரண்டு தொகுதிகளிலும் எண்ணப்படுவார்; அவருடைய ஏ லெவல் தரங்கள் ஒரு பக்கத்திலும் பீடெக் தரம் மறு பக்கத்திலும் சேரும். ஒவ்வொரு தொகுதியையும் அதே தொகுதியோடுதான் ஒப்பிடலாம். பாடசாலையின் ஏ லெவல் 44ஐக் கல்லூரியின் ஏ லெவல் 33ஓடு வைத்துப் பார்ப்பதில் கணக்குப் பிழை இல்லை. ஆனால் அந்த ஒப்பீடும் தங்களுக்கு வேண்டிய விடையைத் தராது.

44 என்பது பி தரத்துக்குச் சற்று மேலே. 33 என்பது சி தரத்துக்குச் சற்று மேலே. இடையிலுள்ள பதினொரு புள்ளி, ஒரு பாடத்துக்கு ஒரு தரத்துக்கு மேற்பட்ட வித்தியாசம். இதைக் கண்டவுடன் பாடசாலையில் கற்பித்தல் அவ்வளவு உயர்ந்தது என்று நினைக்கத் தோன்றும். ஆனால் அந்தப் பாடசாலை யாரைச் சேர்த்துக்கொள்கிறது? பல சிக்ஸ்த் ஃபோம்கள் ஏ லெவலில் எடுக்கும் பாடத்துக்கு ஜிசிஎஸ்இயில் 7 அல்லது அதற்கு மேற்பட்ட தரத்தைக் (9தான் மிக உயர்ந்த தரம்) கேட்கின்றன. கல்லூரிகளோ 5, 6 தரங்களோடு வருபவர்களையும் ஏற்கின்றன. பதினாறு வயதிலேயே முன்னணியில் இருந்தவர்களை மட்டும் எடுத்துப் பதினெட்டு வயதில் அவர்கள் முன்னணியில் இருப்பதைக் காட்டும் எண், அந்த இரண்டு ஆண்டுகளில் ஆசிரியர்கள் என்ன செய்தார்கள் என்பதைச் சொல்வதில்லை.

அதைச் சொல்ல முயல்வது முன்னேற்றப் புள்ளி. கூட்டப்பட்ட பெறுமதி என்றும் இதைச் சொல்வார்கள். ஒவ்வொரு மாணவரின் ஜிசிஎஸ்இ சராசரியை எடுத்துக்கொண்டு, நாடு முழுவதும் அதே சராசரியோடு தொடங்கி அதே பாடத்தை எடுத்தவர்கள் பொதுவாக என்ன தரம் பெற்றார்கள் என்று பார்த்து, அதற்கும் இவர் பெற்ற தரத்துக்கும் உள்ள வித்தியாசத்தைக் கணக்கிடுகிறார்கள். பின்னர் அந்த நிறுவனத்தின் மாணவர்கள் எல்லோருடைய வித்தியாசங்களுக்கும் சராசரி காண்கிறார்கள். பூச்சியம் என்றால் நாட்டின் பொதுப்போக்கோடு ஒத்துப்போகிறது என்று பொருள். ஏ லெவலில் கூட்டல் 0.5 என்றால், ஒத்த நிலையில் தொடங்கிய மற்றவர்களைவிட அங்கே படித்தவர்கள் ஒரு பாடத்துக்கு அரைத்தரம் அதிகமாகப் பெற்றிருக்கிறார்கள். கழித்தல் 0.5 என்றால் அரைத்தரம் குறைவு. 44 எடுத்த பாடசாலைக்கு இது கழித்தலாகவும் 33 எடுத்த கல்லூரிக்குக் கூட்டலாகவும் இருப்பதற்கு முழு இடமுண்டு. தங்கள் கடிதத்தில் இந்த எண்களைத் தாங்கள் குறிப்பிடவில்லை. தயவுசெய்து அவற்றைத் தேடிப் பாருங்கள். அதன் அருகிலேயே கீழெல்லை, மேலெல்லை என்று இரண்டு எண்கள் தரப்பட்டிருக்கும். சிறிய சிக்ஸ்த் ஃபோமில் இரண்டு மூன்று மாணவர்களின் நல்ல நாளோ கெட்ட நாளோ சராசரியை ஆட்டிவிடும் என்பதால் அங்கே அந்த எல்லைகள் அகன்றிருக்கும். எல்லைகளுக்கிடையே பூச்சியம் அடங்கினால், அது நாட்டின் சராசரியிலிருந்து வேறுபட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியாது. பீடெக் தொகுதிக்கு இதே கணக்குத் தனியாகச் செய்யப்படுகிறது. கொவிட் காரணமாக 2020, 2021 ஆகிய ஆண்டுகளுக்குப் பாடசாலைவாரி அட்டவணைகள் வெளியாகவில்லை. ஆகவே பழைய ஆண்டுகளோடு சேர்த்துப் பார்க்கும்போது இடையில் வெற்றிடம் இருப்பதைக் கண்டு சந்தேகப்பட வேண்டாம்.

அட்டவணையில் பெற்றோர் பெரும்பாலும் கவனிக்காமல் விடும் நிரல் ஒன்று உண்டு. நான் ஆலோசனை சொல்லும் குடும்பங்களிடம் அதையே முதலில் பார்க்கச் சொல்கிறேன்: சேர்ந்தவர்களில் எத்தனை வீதமானோர் தங்கள் முதன்மைப் படிப்பை இறுதிவரை தொடர்ந்தார்கள் என்ற நிரல். சராசரிப் புள்ளி பரீட்சை எழுதியவர்களைக் கொண்டு மட்டுமே கணக்கிடப்படுகிறது. பன்னிரண்டாம் ஆண்டின் (சிக்ஸ்த் ஃபோமின் முதலாம் ஆண்டு) முடிவில் ஒரு மாணவர் விலகிவிட்டால், அல்லது விலகச் சொல்லப்பட்டால், அவர் பெற்றிருக்கக்கூடிய டி தரம் அந்தச் சராசரிக்குள் வராது. இருபது பேர் தொடங்கிய வகுப்பில் கடைசி நிலையிலிருந்த ஐந்து பேர் போய்விட்டால், மீதிப் பதினைந்து பேரின் சராசரி யாரும் புதிதாக எதையும் கற்காமலே உயர்ந்துவிடும். இது கற்பனையான ஆபத்தன்று. 2017இல் தென்கிழக்கு இலண்டனிலுள்ள ஒரு கிராமர் பாடசாலை (நுழைவுத் தேர்வு வைத்து மாணவரைச் சேர்க்கும் அரசுப் பாடசாலை), பன்னிரண்டாம் ஆண்டு முடிவில் குறித்த தரங்களை எட்டாத மாணவர்களுக்குப் பதின்மூன்றாம் ஆண்டில் இடமில்லை என்று சொல்லிவிட்டது. பெற்றோர் நீதிமன்றத்தை நாடிய பின்னரே அந்த முடிவு கைவிடப்பட்டது. சிக்ஸ்த் ஃபோமில் ஏற்றுக்கொண்ட மாணவரைப் படிப்பில் பின்தங்கினார் என்பதற்காக மட்டும் ஒரு பாடசாலை இடைநடுவில் வெளியேற்றுவது சட்டத்துக்கு உட்பட்டதன்று. ஆயினும் "உங்கள் பிள்ளைக்கு இது பொருந்தவில்லை போலிருக்கிறது" என்ற மெல்லிய பேச்சில், தாமாகவே விலகியதுபோல் பல பிள்ளைகள் விலகுகிறார்கள். பதினேழு வயதில், நடு வழியில், புதிய இடத்தில் மீண்டும் முதலாம் ஆண்டிலிருந்து தொடங்கும் பிள்ளையின் மனம் என்ன பாடுபடும் என்பதை எந்த அட்டவணையும் அளப்பதில்லை. எங்கள் சமூகத்தில் அதை வெளியில் சொல்லக்கூடக் கூச்சப்படுகிறோம். அதனால்தான் 44 என்ற எண்ணைக் கண்டதும் அதன் பக்கத்திலுள்ள தொடர்வோர் வீதத்தையும் பார்க்க வேண்டும் என்று வற்புறுத்துகிறேன். கல்லூரிக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். அங்கேயும் இடைவிலகல் அதிகமாக இருக்கலாம்.

சராசரி என்பதன் இயல்பான மறைப்பும் ஒன்று உண்டு. மூன்று பாடங்களிலும் பி பெற்றவரின் சராசரி 40. இரண்டு ஏ ஸ்டாரும் ஒரு ஈயும் பெற்றவரின் சராசரி 43.33, அட்டவணையில் அவர் முன்னவரைவிட மேலானவர். ஆனால் மூன்று பாடங்களிலும் பி கேட்கும் பல்கலைக்கழகத்தில் இடம் முதலாமவருக்கே உறுதி.

தாங்களோ தங்கள் கணவரோ இலங்கையில் உயர்தரப் பரீட்சை எழுதியிருந்தால் இசட் புள்ளி நினைவிருக்கும். அங்கே அந்த எண் மாணவருடையது; அதுவே மாவட்ட நிலையையும் பல்கலைக்கழகப் பீடத்தையும் தீர்மானித்தது. அந்தப் பழக்கத்தில்தான் இங்கேயும் பாடசாலையின் புள்ளியைப் பிள்ளையின் புள்ளியைப்போல் நாம் வாசித்துவிடுகிறோம். இங்கே பாடசாலையின் சராசரி மாணவரின் விண்ணப்பத்தில் எங்கும் கூட்டப்படுவதில்லை. 44 எடுத்த பாடசாலையிலிருந்து வரும் சி தரமும் 33 எடுத்த கல்லூரியிலிருந்து வரும் சி தரமும் யுகாஸில் அதே 32 புள்ளிதான். சில பல்கலைக்கழகங்கள், பெறுபேறு குறைந்த பாடசாலைகளிலிருந்து வரும் மாணவர்களுக்குச் சற்றுக் குறைந்த தரத்தில் இடம் வழங்குவதும் உண்டு.

அரசின் பெறுபேற்று அட்டவணைகள் இங்கிலாந்தில் 1992இலிருந்து வெளியாகின்றன. வேல்ஸும் வட அயர்லாந்தும் 2001இல் இவற்றை நிறுத்திவிட்டன. ஸ்கொட்லாந்தும் 2003இல் கைவிட்டது. 2016க்கு முன்பு ஏ ஸ்டாருக்கு 300, ஈ தரத்துக்கு 150 என்ற அளவுகோல் இருந்தது. சித்தியடையாதவருக்குப் பூச்சியம் ஆகையால், ஈ தரத்திலிருந்து ஒரு படி வழுக்குவது ஏ ஸ்டாரிலிருந்து ஈ வரை இறங்குவதற்குச் சமமான இழப்பாகப் பதிவானது. அப்போது ஒரு மாணவரின் மொத்தப் புள்ளியும் வெளியிடப்பட்டதால், தேவையில்லாத நான்காம் ஐந்தாம் பாடங்களைச் சேர்த்து எண்ணை உயர்த்தவும் வழியிருந்தது. இன்றைய முறை அவ்விரண்டையும் பெருமளவு திருத்தியிருக்கிறது என்பது என் கருத்து. பழைய அட்டவணைகளின் நகல்களை யாராவது காட்டினால் அந்த எண்களை இன்றைய எண்களோடு ஒப்பிட வேண்டாம்.

அட்டவணை எப்போதும் பின்னோக்கியே பார்க்கிறது என்பதும் முக்கியம். 2024 கோடையில் ஏ லெவல் எழுதியவர்களில் பெரும்பாலோர் 2022 செப்ரெம்பரில் சேர்ந்தவர்கள். அவர்களுக்குக் கற்பித்த வேதியியல் ஆசிரியரோ துறைத் தலைவரோ இன்று அங்கே இல்லாதிருக்கலாம். படிப்புக்குப் பின் எங்கே சென்றார்கள் என்ற நிரல் இன்னும் தாமதமாகவே வரும். ஏனென்றால் மாணவர் மேற்படிப்பிலோ தொழிற்பயிற்சியிலோ வேலையிலோ ஏறத்தாழ ஆறு மாதங்கள் நிலைத்திருந்தாரா என்று பார்த்த பின்னரே அது கணக்கில் சேர்க்கப்படுகிறது. தாமதமானாலும் தங்கள் மகளின் விடயத்தில் அதற்கு நல்ல பெறுமதி உண்டு. அந்தக் கல்லூரியின் பீடெக் மாணவர்கள் எத்தனை பேர் பல்கலைக்கழகம் சென்றார்கள் என்பதை அங்கே பார்க்கலாம்.

இப்போது தங்கள் மகளின் தெரிவுக்கு வருகிறேன். அவள் எடுக்க நினைக்கும் மூன்று பாடங்களும் அவளது இலக்குக்கு ஏற்றவை. தாதியியல் பட்டப்படிப்பை வழங்கும் பல்கலைக்கழகங்கள் பல, பீடெக்கையும் ஏ லெவலையும் சேர்த்து ஏற்கின்றன. ஜிசிஎஸ்இயில் ஆங்கிலத்திலும் கணிதத்திலும் குறைந்தது 4 அவசியம், விஞ்ஞானத்தையும் பல இடங்களில் கேட்பார்கள். பிசியோதெரப்பிக்குப் போட்டி கடுமையானது, உயிரியல் ஏ லெவல் பெரும்பாலும் கேட்கப்படும். அதை அவள் எடுக்கிறாள் என்பது நல்லது. மருத்துவத்தின் மீது அவளுக்கே உண்மையான விருப்பம் இருந்தால் மட்டும் இந்தத் திட்டம் போதாது. பெரும்பாலான மருத்துவ பீடங்கள் வேதியியல் ஏ லெவலைக் கேட்கின்றன. பீடெக் புள்ளி எவ்வளவு இருந்தாலும் அந்த இடத்தை நிரப்பாது. ஆனால் அந்த விருப்பம் உறவினர்களுடையது மட்டும் என்றால், அவள் விரும்பாத வேதியியலில் டி பெறுவதைவிட, விரும்பும் பாடத்தில் டிஸ்டிங்ஷன் பெறுவது எல்லா வகையிலும் மேலானது. யுகாஸ் கணக்கில் முன்னது 24 புள்ளி, பின்னது 48.

புள்ளி சமம் என்பதால் எல்லாப் பல்கலைக்கழகங்களும் சமமாக ஏற்கும் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. சில துறைகள் மொத்தப் புள்ளியைக் கேட்கும். சில குறித்த பாடத்தில் குறித்த தரத்தைக் கேட்கும். சில பீடெக்கைத் தனியாக ஏற்காமல் ஏ லெவல்களோடு சேர்ந்தால் மட்டும் ஏற்கும். அத்துடன் தொழில்சார் தகைமைகள் இப்போது மாற்றக் காலத்தில் இருக்கின்றன. 2020இல் மூன்று ஏ லெவல் அளவுள்ள டி லெவல் என்ற தொழில்சார் தகைமை அறிமுகமானது; 2025 ஒக்டோபரில் அரசு வெளியிட்ட வெள்ளை அறிக்கை, ஒரு ஏ லெவல் அளவுள்ள வி லெவல் என்ற புதிய தகைமையை அறிவித்திருக்கிறது. பெயரில் சிறு மாற்றத்தோடு ஒரே பாடத்துக்குப் பழைய வடிவமும் புதிய வடிவமும் அருகருகே இருக்கக்கூடும். ஆகவே மகள் படிக்கப்போகும் தகைமையின் முழுப் பெயரையும் அதன் அளவையும் கல்லூரியிடம் எழுத்தில் வாங்கி, அவள் விரும்பும் மூன்று நான்கு பல்கலைக்கழகங்களின் அனுமதிப் பிரிவுக்கு மின்னஞ்சல் அனுப்பி, அந்தத் தகைமையை அந்தப் பட்டப்படிப்புக்கு ஏற்பார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் பதில் தருவார்கள். அந்தப் பதில் எந்த அட்டவணையைவிடவும் பெறுமதியானது.

இரு நிறுவனங்களின் திறந்த மாலை நிகழ்வுகளுக்கும் மகளையும் அழைத்துச் செல்லுங்கள். கேள்விகளை அவளே கேட்கட்டும். உயிரியலில் எத்தனை பேர் தொடங்கி எத்தனை பேர் இறுதிப் பரீட்சை எழுதினார்கள்? பதின்மூன்றாம் ஆண்டுக்குச் செல்ல ஏதாவது தரம் எட்ட வேண்டுமா? ஜிசிஎஸ்இயில் அவளைப் போன்ற தரங்களோடு வந்தவர்கள் உயிரியலில் பொதுவாக என்ன பெற்றார்கள்? இந்தக் கேள்விகளுக்கு நேராகப் பதில் சொல்லும் இடத்தை நான் நம்புவேன். மொத்தச் சராசரியையும் ஒக்ஸ்போர்ட், கேம்பிரிட்ஜ் போனவர்களின் படங்களையும் மட்டுமே காட்டும் இடத்தில் இன்னும் இருமுறை கேட்பேன்.

இரண்டு இடங்களுக்கும் விண்ணப்பியுங்கள். இரண்டிலும் இடம் கிடைத்தால் ஓகஸ்டில் ஜிசிஎஸ்இ பெறுபேறு வரும்வரை இரண்டையும் வைத்திருக்கலாம், அதில் தவறில்லை. முன்னேற்றப் புள்ளியும் தொடர்வோர் வீதமும் தங்கள் கைக்கு வந்த பின், அவற்றோடு மகளின் எதிர்பார்க்கப்படும் ஜிசிஎஸ்இ தரங்களையும் எனக்கு எழுதினால், இரண்டில் எது அவளுக்குப் பொருத்தம் என்பது பற்றி இதைவிடத் திட்டவட்டமாகச் சொல்ல முடியும்.

அன்புடன்,
கல்வி ஆலோசகர்